இரண்டு விரல் முடுக்கு

படகு மோட்டாரின் தலையில் ஈரத்துண்டு போட்டால் சூடு இறங்காது என்று வாட்ச்காரருக்குத் தெரியும். தெரிந்தும் போட்டார். துண்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஆற்றின் நடுவில், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, படகில் அவரும் மோட்டாரும் மட்டும். மோட்டார் 'பீ' என்று நீளமாக ஒரு கூச்சல் போட்டுவிட்டு நின்றுபோயிருந்தது. அவர் அந்தக் கூச்சலை இன்னும் நிறுத்தவில்லை. உள்ளுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

மோட்டார் அவருடையது இல்லை. படகும் அவருடையது இல்லை. இரண்டும் அவர் மனைவியுடையவை. பதினோரு வருடமாக அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கும் அவளை ஊரே படகுக்காரி என்றுதான் சொல்லும். அவரைக் கடைத்தெருவில் வாட்ச்காரர் என்பார்கள். துறைப் பக்கம் வந்தால் படகுக்காரியோட வீட்டுக்காரர் என்பார்கள். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பெருமைதான் இன்று அவரைக் கவிழ்த்தது. மனைவி நேற்று மதியம் அக்காவைப் பார்க்க வெளியூர் போயிருந்தாள். காலையில் அவர் துறை வழியாகக் கடைக்கு நடந்துகொண்டிருந்தபோது, அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நர்ஸம்மா படியில் தவித்துக்கொண்டிருந்தார். இன்னொரு படகு அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது.

"அண்ணே, நீங்க படகுக்காரியோட வீட்டுக்காரர்தானே?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கும் படகு ஓட்டத் தெரியும்தானே?"

முதல் 'தானே'வுக்கு உண்மையைச் சொன்னவர் இரண்டாவது 'தானே'வுக்கும் தலையை ஆட்டிவிட்டார். நர்ஸம்மாவைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கியும் விட்டார். திரும்பி வரும்போதுதான் கூச்சல், ஆவி, துண்டு எல்லாம்.

மோட்டாருக்கு ஒரு வழக்கம் உண்டு. அடியிலிருந்து ஆற்றுத் தண்ணீரை ஒரு பம்பு உறிஞ்சி மேலே அனுப்பும். அது உடம்பெல்லாம் ஓடிச் சூட்டை இறக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒரு துளை வழியாக நூல் மாதிரி வெளியே பீய்ச்சும். ஓட்டுகிறவர் அந்த நூலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாட்ச்காரர் பார்க்கவில்லை. கரையில் யாராவது தம்மைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

துடுப்புப் போட்டுக் கரை சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளங்கையில் நாலு கொப்புளம். அதைவிட வயிற்றில்தான் எரிச்சல். வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துறை அதிகாரி வந்து படகையும் மோட்டாரையும் சோதிப்பார். தேறினால் இந்தத் துறையில் இன்னும் மூன்று வருடம் படகு விடலாம். தேறாவிட்டால், பெரிய படகை வைத்துக்கொண்டு கையைக் கட்டிக் காத்திருக்கும் ஒருவருக்கு இந்த இடம் போய்விடும். ஆற்றில் இறங்காமல் ஒரு நாள் இருந்தாலே வீட்டில் பாத்திரங்களோடு சண்டை போடுகிறவள் அவள். மூன்று வருடம் என்ன ஆவாள்?

சோதனைக்காகத்தான் வியாழக்கிழமை காலை, அவளே மோட்டாரின் அடிப்பாகத்தைக் கழற்றிப் புது பம்பு மாட்டினாள். மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள், "அக்காவுக்கு முழங்கால் வலியாம், போய்ப் பாத்துட்டு சனிக்கிழமை வந்துடறேன்" என்று கால் மணி நேரத்தில் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசலில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"மோட்டாரைத் தொடாதீங்க."

துறையில் வைத்து மோட்டாரைப் பிரிக்க முடியாது. அங்கே ஒருவன் தும்மினால் மறுநாள் அவளுக்குத் தெரிந்துவிடும். வாட்ச்காரர் ஒரு தள்ளுவண்டியைப் பிடித்து, மோட்டாரைப் படுக்கவைத்து, போர்வையைப் போர்த்தி வீட்டுக்குத் தள்ளிவந்தார். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் பேப்பரை இறக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஐயையோ, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார். லேசா மயக்கம்."

"கால் அசையவே இல்லையே!"

"ஓய்வு எடுத்தா சரியாயிடும் சார்."

சாயந்தரம் தபால்காரர் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்க வந்தார். வாட்ச்காரர் வாசலிலேயே அவற்றை வாங்கிக்கொண்டு, நோயாளி தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பிவைத்தார். பசி வேளை, ரொட்டியும் நன்றாகத்தான் இருந்தது.

பின்கட்டில் மரத்தாங்கியில் மோட்டாரை மாட்டிவைத்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"கடைக்கு ஒரு கஸ்டமர் வந்தாரும்மா. வாட்ச் ரிப்பேருக்குத்தான். பேச்சுவாக்குல, அவரோட படகு மோட்டார் சூடாகி நின்னுபோச்சுன்னு ரொம்பக் கவலைப்பட்டார். சேதம் ஆயிருக்கான்னு எப்படிப் பாக்குறதாம்?"

இந்த இடத்தில் அவள், 'வாட்ச் கடையில மோட்டாருக்கு என்ன பேச்சு' என்று பாய்வாள் என்று எதிர்பார்த்துப் போனைக் காதிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்திருந்தார். பாயவில்லை.

"பாவம். மொதல்ல தண்ணி பம்பைப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் தெர்மோஸ்டாட். அது சூடானா திறக்கணும், ஆறினா மூடணும். சுடுதண்ணியில போட்டுப் பாத்தாலே தெரிஞ்சுடும். அடுத்தது ஸ்பார்க் பிளக்கோட நெறம். கடைசியா கம்ப்ரஷன், சிலிண்டருக்குள்ள காத்தோட அழுத்தம். ரெண்டு சிலிண்டர்லயும் நூத்திப்பத்துக்கு மேல வரணும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். இருந்தா சேதம் இல்ல."

"சரிம்மா, சொல்றேன்."

"ஏங்க..."

"என்ன?"

"சாப்பிட்டீங்களா? ஒடம்பைப் பாத்துக்குங்க. என் மேல கோபம் ஒண்ணும் இல்லையே?"

வாட்ச்காரருக்குச் சந்தேகம் தட்டியது. கல்யாணமாகிப் பதினாலு வருடம். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவள், என் மேல் கோபமா என்று கேட்கிறாள். இவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நர்ஸம்மா சொல்லியிருப்பார், வந்து வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறாள். வேறு காரணமே இருக்க முடியாது.

பம்பை அவர் பார்க்கவில்லை. மற்றவர்கள் மோட்டாரில் அது முதல் வேலையாக இருக்கலாம். இந்த மோட்டாரில் அது நேற்று அவள் கையால் மாட்டியது. அவள் கை வைத்த இடத்தில் தப்பு தேடுவது வெட்டி வேலை என்பது அவர் தீர்மானம்.

தெர்மோஸ்டாட்டில் ஆரம்பித்தார். மோட்டாரின் மேற்புறம் ஒரு சின்ன மூடி. அதற்குள் கட்டைவிரல் அளவில் ஒரு சாமான். பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இடுக்கியால் பிடித்து உள்ளே இறக்கினார். சமர்த்தாகத் திறந்தது. எடுத்ததும் சமர்த்தாக மூடியது. வாட்ச்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு தடவை திறந்து மூடவைத்துப் பார்த்தார். பாத்திரத்தில் எண்ணெய் வளையம் வளையமாக மிதந்தது.

ஆனால் மூடியைக் கழற்றும்போது, கசிவை அடைக்க அதற்கடியில் வைத்திருந்த காகித கேஸ்கெட் கிழிந்துபோயிற்று. இதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமா? மயிரிழையில் பாதியை வெட்டச் சொன்னாலும் வெட்டுகிற கை. மேஜை அறையைத் திறந்து, நல்ல கெட்டியான பழுப்பு அட்டை ஒன்றை எடுத்து, கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, அச்சு அசலாக ஒரு கேஸ்கெட் வெட்டினார். திருகாணிகளை வாட்ச்சுக்கு முடுக்குவது போலவே, இரண்டு விரலால், நோகாமல் முடுக்கினார்.

அதுதான் அவர் தொழில் தர்மம். கடிகாரத்தில் பலத்தைக் காட்டினால் உடைந்துபோகும். இருபத்தைந்து வருடத்தில் அவர் எந்தத் திருகாணியையும் இரண்டு விரலுக்கு மேல் முடுக்கியதில்லை. தண்ணீர்க் குழாயைக்கூட அப்படித்தான் மூடுவார். வீட்டில் எல்லாக் குழாயும் சொட்டும்.

சனிக்கிழமை காலை ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். நிறம் நன்றாகத்தான் இருந்தது. இனி கம்ப்ரஷன். அதற்கு அழுத்தத்தை அளக்கும் ஒரு கேஜ் வேண்டும். கேஜ் இருப்பது டைட்டிடம்.

டைட்டு துறையில் மோட்டார் பழுது பார்ப்பவன். குடிப்பவன் இல்லை. அவன் ஒரு தடவை முடுக்கிய போல்ட்டை அவனைத் தவிர வேறு யாராலும் கழற்ற முடியாது. அதனால் வந்த பெயர். நல்லவன், ஆனால் வாயில் எதுவும் தங்காது.

"கம்ப்ரஷன் கேஜா? உங்களுக்கா? எதுக்குண்ணே?"

"ஒரு கடிகாரத்தைப் பாக்கணும்ப்பா."

"கடிகாரத்துக்கு ஏதுண்ணே கம்ப்ரஷன்?"

"பெரிய கடிகாரம்."

டைட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கேஜை எடுத்துக் கொடுத்தான். "நம்ம படகுக்கார அக்காவோட படகு துறையில நிக்குது, மோட்டாரைக் காணோம். உங்களுக்குத் தெரியுமா?"

"துடைக்க எடுத்துட்டுப் போயிருக்கு."

"எவ்வளவு தூரம் எடுத்துட்டுப் போய்த் துடைக்குது?" என்றான் டைட்டு. வாட்ச்காரர் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

ஸ்பார்க் பிளக் இருந்த துளையில் கேஜை வைத்து, இரண்டு விரலால் நோகாமல் திருகினார். இனி மோட்டாரின் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். அவருக்கு வெடுக்கெல்லாம் வராது. சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல நிதானமாக, ஒரே சீராக இழுத்தார். 'உஸ்' என்று ஒரு சத்தம். முள் முப்பத்தைந்தில் நின்றது. அடுத்த சிலிண்டரில் இருபது.

வாட்ச்காரர் பின்கட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். நூற்றிப்பத்து எங்கே, இருபது எங்கே. எஞ்சின் வெந்துவிட்டது. பதினோரு வருடம் அவள் பிள்ளை மாதிரி வைத்திருந்ததை ஒரே காலையில் அவியவைத்துவிட்டோம் என்று நினைத்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துப் போன் அடித்தது.

"ஏங்க, நான்தான். இன்னும் ஒரு நாள் இருந்துட்டு, நாளைக்குச் சாயந்தரம் வரட்டுமா?"

"தாராளமா இரும்மா!" குரலில் சந்தோஷம் கூடுதலாகிவிட்டது என்று பயந்து, "அக்காவுக்குத்தான் முடியலையே" என்று சேர்த்துக்கொண்டார்.

"நீங்க ரொம்ப நல்லவருங்க" என்றாள் அவள்.

'நல்லவர்' வரைக்கும் வந்துவிட்டது என்றால் நாளை சாயந்தரம் நடக்கப்போவது சாதாரணமாக இருக்காது.

"அப்புறம், திங்கக்கிழமை அதிகாரி மொதல்ல உரிமப் புத்தகத்தைத்தான் கேப்பாரு. எடுத்து மேல வச்சிருங்க. மேஜை ரெண்டாவது அறையில இருக்கு. பழுப்பு அட்டை."

போனை வைத்துவிட்டு வாட்ச்காரர் மேஜைக்குப் போனார். இரண்டாவது அறையைத் திறந்தார். பழுப்பு அட்டை. அதன் நடுவில் ஒரு ஓட்டை. மிக நேர்த்தியான ஓட்டை. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. அதன் வழியாக முதல் பக்கத்துப் புகைப்படத்திலிருந்து படகுக்காரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனிமேல் இழக்க என்ன இருக்கிறது என்று ஒரு துணிச்சல் பிறந்தது. சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றுவது என்று முடிவெடுத்தார். சூட்டில் அது வளைந்திருந்தால் வெளியூரில் கொடுத்துத் தேய்த்து வாங்கிவிடலாம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். துறையில் முடுக்கியிருந்த போல்ட்டுகள் பத்து. ஒவ்வொன்றுக்கும் கட்டிலிலிருந்து ஒரு கம்பியை உருவி ஸ்பேனரின் வாலில் கோத்து, அதன் மேல் தாமே ஏறி உட்கார வேண்டியிருந்தது. 'இப்படியா முடுக்குவாங்க, முரட்டு ஜனங்க' என்று முணுமுணுத்தார்.

கழற்றியதை வெள்ளைத் துணியில் கடிகார வட்டமாக அடுக்கினார். ஒரு மணியிலிருந்து பத்து மணி வரை போல்ட்டுகள். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் ஸ்பார்க் பிளக்குகள். நடுவில் ஹெட். இரும்பு ஸ்கேலை அதன் மேல் நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்து, கண்ணில் உருப்பெருக்கியோடு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். வெளிச்சம் ஒரு பொட்டுகூடக் கசியவில்லை. ஹெட் வளையவில்லை. சிலிண்டருக்குள்ளும் ஒரு கீறல் இல்லை.

எல்லாம் சரியாக இருக்கிறது, கம்ப்ரஷன் மட்டும் இல்லை. நாடி நன்றாக இருக்கிறது, ஆள் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்ற கதை. எல்லாவற்றையும் துடைத்து, பழைய கேஸ்கெட்டையே வைத்து, பத்து போல்ட்டுகளையும் மணி வரிசைப்படி மாட்டினார். இரண்டு விரலால், நோகாமல்.

மறுபடி கேஜ். மறுபடி நிதானமான இழுப்பு. முள் ஐந்தில் நின்றது.

"தொடத் தொடக் குறையுதே!" என்று மோட்டாரிடமே கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசி முயற்சி. தண்ணீர் நிறைந்த டிரம்மில் மோட்டாரின் காலை இறக்கி ஓட்டிப் பார்ப்பது. நாற்பது தடவை கயிற்றை இழுத்தார். நாற்பத்தொன்றாவது தடவை கோபத்தில் கை தானாகவே வெடுக்கென்று இழுத்துவிட்டது. மோட்டார் ஒரு உறுமல் உறுமியது. ஹெட்டின் பத்து போல்ட்டுகளைச் சுற்றியும் பத்துத் திசையில் புகையும் எண்ணெயும் பீறிட்டன. பக்கத்துத் துளையில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மதில்மேல் எட்டிப் பார்த்து, நோயாளி எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க வந்த தபால்காரரின் வெள்ளைச் சட்டையில் ஒரு கறுப்புக் கோடு தோளிலிருந்து தோளுக்குப் போயிற்று.

மோட்டார் அணைந்தது. தபால்காரர் சட்டையைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார்.

"இவரா மயக்கத்துல இருந்தவரு?"

"ஆமா சார்."

"என் ரொட்டி?"

வாட்ச்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு துறைக்கு ஓடினார்.

டைட்டு வந்தான். மோட்டாரைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். நாலு மணி போல்ட்டின் மேல் சுண்டுவிரலை வைத்தான். அது சுழன்றது. ஐந்து மணி போல்ட்டும் சுழன்றது. அவன் முகத்தில் முதலில் பயம் வந்தது.

"அண்ணே, இதை யாரு முடுக்கினது?"

"நான்தான்."

"எதால?"

வாட்ச்காரர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காட்டினார். டைட்டு தரையில் உட்கார்ந்து சிரித்தான். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்து சிரித்தான். மதில்மேலிருந்து தபால்காரரும் காரணம் தெரியாமலே சேர்ந்துகொண்டார்.

"கேஜையும் இப்படித்தான் மாட்டினீங்களா?"

"ஆமாப்பா. நோகக்கூடாதேன்னு..."

"நோகணும்ணே! மோட்டாருன்னா நோகணும்!"

கடைக்கு ஓடிப் புது கேஸ்கெட் கொண்டுவந்தான். ஹெட்டை வைத்து, நீளக் கைப்பிடி போட்ட ஸ்பேனரால் முறைப்படி பத்தையும் முடுக்கினான். ஒவ்வொரு முடுக்குக்கும் வாட்ச்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கேஜை மாட்டிக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். நூற்றிப்பதினெட்டு. அடுத்ததில் நூற்றிப்பதினாறு.

"எஞ்சினுக்கு ஒரு சேதமும் இல்லண்ணே. சூடானதும் தானா நின்னு தன்னைக் காப்பாத்திக்கிச்சு. உங்க கையில மாட்டினதுக்கு அப்புறமும் பொழைச்சுதே, அதுதான் அதிசயம்."

வாட்ச்காரர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும், நோக நோக.

"விடுங்கண்ணே. ஏன் சூடாச்சுன்னு இன்னும் தெரியலையே. டிரம்முல ஓட்டினப்ப பக்கத்துல தண்ணி வந்துச்சா?"

"ஒரு சொட்டு வரல."

"அப்ப பம்புதான்." டைட்டு மோட்டாரைத் தாங்கியில் சாய்த்து, அடிப்பாகத்துக்கு ஸ்பேனரைக் கொண்டுபோனான்.

"அதைத் தொடாதப்பா!" வாட்ச்காரர் குறுக்கே நின்றார். "அது அவ மாட்டினது. அதுல தப்பு இருக்காது."

"அக்கா மாட்டினாலும் பம்பு பம்புதான்ணே. நாளைக்குக் காலையில அதிகாரி தண்ணி எங்கன்னு கேட்டா, இவரோட நம்பிக்கையைப் பாருங்கன்னு உங்களைக் காட்டவா?"

வாட்ச்காரர் ஒதுங்கி நின்றார். டைட்டு அடிப்பாகத்தின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

படகுக்காரி வந்துவிட்டாள். ஒரு கையில் பை. இன்னொரு கையில், மணிக்கட்டைச் சுற்றித் தடியாக ஒரு வெள்ளைக் கட்டு.

"ஐயோ, கையில என்னம்மா?"

"அக்கா வீட்டு வாசல்ல வழுக்கிடுச்சு. ஒண்ணுமில்ல, சுளுக்குத்தான்" என்று சொல்லிக் கட்டுப்போட்ட கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகுதான் பின்கட்டில் தொங்கும் தன் மோட்டாரையும், எண்ணெயில் குளித்த டைட்டையும், மதில்மேல் கறுப்புக் கோட்டோடு நிற்கும் தபால்காரரையும் பார்த்தாள்.

சொல்லிவிடுவது என்று வாட்ச்காரர் எப்போதோ முடிவெடுத்திருந்தார். இப்போது ஒரே மூச்சில் கொட்டினார்.

"மோட்டாரைத் தொட்டுட்டேன்ம்மா. வெள்ளிக்கிழமை நர்ஸம்மாவை அக்கரையில விடப் போனேன். திரும்பி வர்றப்ப சூடாகி நின்னுடுச்சு. அந்தக் கஸ்டமர் நான்தான். உன் பால் பாத்திரத்துல தெர்மோஸ்டாட்டை வேகவச்சேன். உரிமப் புத்தகத்தோட அட்டையில ஓட்டை போட்டுட்டேன். ஹெட்டைக் கழட்டி, முடுக்கத் தெரியாம முடுக்கி, எல்லாத்தையும் கெடுத்துட்டேன். டைட்டுதான் காப்பாத்தினான். நீ என்னைத் திட்டு. நிறுத்தாமத் திட்டு."

அவள் திட்டவில்லை.

"பரவாயில்லைங்க" என்றாள்.

பதினாலு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. படகில் வருகிறவர்களிடம் அவள் சொல்லிக் கேட்டிருக்கிறார், தமக்கென்று வந்ததில்லை. டைட்டுகூட ஸ்பேனரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"பரவாயில்லையா? அட்டை ஓட்டையா இருக்கும்மா!"

"வேற அட்டை போட்டுக்கலாம். மனுஷன்னா கைதவறத்தான் செய்யும். ஒருத்தருக்கொருத்தர் இதையெல்லாம் பெருசா எடுத்துக்கக் கூடாது இல்லையா? நான் ஏதாவது பண்ணியிருந்தா நீங்க பெருசா எடுத்துப்பீங்களா?"

"நீ என்னம்மா பண்ணப்போற?" வாட்ச்காரர் அவள் பையை வாங்கிக்கொண்டார். "அதனாலதான் எல்லாத்தையும் பிரிச்சவன், பம்பை மட்டும் தொடல. நீதான் மொதல்ல அதைப் பாக்கச் சொன்னே. ஆனா அது வியாழக்கிழமை காலையில நீ உன் கையால மாட்டினது. உலகத்துல எது தப்பாப் போனாலும் அது போகாதுன்னு விட்டுட்டேன்."

படகுக்காரியின் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கப் போனவள், பாதியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"வியாழக்கிழமை காலையில..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முகம் மாறியது. "டைட்டு, பம்பைத் திறக்க வேண்டாம். நான் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

"திறந்தாச்சுக்கா" என்றான் டைட்டு.

அவன் குறடை உள்ளே விட்டு, பம்பின் வாயிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். கறுப்பாக, நனைந்த தோல் வார் மாதிரி முதலில் ஒரு நுனி வந்தது. அதைத் தொடர்ந்து வட்டமாக ஒன்று வந்து விழுந்தது. படகுக்காரி கட்டுப்போட்ட கையை நீட்டிக்கொண்டு, சுளுக்கு என்பதை மறந்து பாய்ந்தாள். டைட்டு அதற்குள் அதைச் சட்டையில் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வாயெல்லாம் பல்லாகிவிட்டான்.

"அண்ணே, மோட்டாரைச் சூடாக்கினது நீங்க இல்ல. அக்கா துறையில எங்க எல்லாருக்கும் நூறு தடவை காட்டிப் பெருமையடிச்ச, உங்க கையாலேயே செஞ்சு கல்யாணத்துக்குக் குடுத்தீங்களே, அந்த வாட்சுதான், பம்பு மாட்டுறப்பக் கழண்டு உள்ள விழுந்து, அதோட வாயை அடைச்சிருக்கு; அந்தச் சுளுக்குக் கட்டை அவுத்துப் போட்டுட்டு இதைக் கட்டிக்குங்கக்கா, இன்னும் மணி சரியாத்தான் ஓடுது!"